அடிப்பக்கம் கரையும் பனி

தமிழில் 'பனி' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது பனி. இமயமலையில் பஞ்சுபோல் கொட்டுவதும் பனி. நெகிழ்ந்துபோனால் கண்கள் பனிக்கின்றன. பழந்தமிழில் 'பனித்தல்' என்றால் நடுங்குதல் என்றும் பொருள். ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தவர்கள், முன்பனி, பின்பனி என்று அதில் இரண்டைப் பனிக்கே ஒதுக்கினார்கள். ஆனால் தண்ணீர் கல்லாக உறைந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நிலம் நம்முடையதாக இருந்ததில்லை. எனவே அந்த நிலத்துக்குரிய சொற்களும் நமக்குத் தேவைப்படவில்லை.

இப்போது தேவைப்படுகின்றன. துருவப் பிரதேசங்களைப் பற்றி வரும் ஆங்கிலச் செய்தியில் ஐஸுக்கு ஐந்து வெவ்வேறு பெயர்கள் இருக்கும். தமிழுக்கு வரும்போது ஐந்தும் 'பனிப்பாறை' ஆகிவிடும். 'துருவப் பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல்மட்டம் உயரும்' என்று படித்துவிட்டு வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். மொழிபெயர்ப்பாளர்களின் தொழில் சங்கடம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எந்த ஐஸ், எங்கே, எதனால் உருகுகிறது என்பதில்தான் கடலோர ஊர்களின் கதி அடங்கியிருக்கிறது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். நிலத்தின் மீது யுகயுகமாக விழுந்த பனி இறுகி, கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடப்பது பனிவிரிப்பு. உலகில் இன்று கிரீன்லாந்து, அண்டார்டிகா என்று இரண்டே பனிவிரிப்புகள்தான் இருக்கின்றன. விரிப்பு கடலை நோக்கி மெல்ல நகர்ந்து இறங்கும் பாதை பனியாறு. அந்த ஆறு கடலுக்குள் நீண்டு, தரையை விட்டு மிதக்க ஆரம்பித்தால் அந்தப் பகுதி பனித்தட்டு. தட்டிலிருந்து உடைந்து மிதந்து போவதுதான் பனிப்பாறை. டைட்டானிக்கை மூழ்கடித்தது இந்த ரகம். கடல்நீரே குளிரில் உறைந்து, பாலில் ஆடை படிவதுபோல் மேலே படிவது கடல்பனி.

இவற்றுக்குள் முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான்: மிதப்பதா, தரையில் இருப்பதா? ஒரு தம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் கரைந்து முடிந்த பிறகும் ஒரு சொட்டுகூட வழியாது. மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. ஆகவே கடல்பனியோ பனித்தட்டோ உருகுவதால் மட்டும் கடல்மட்டம் சொல்லும்படியாக உயராது. அதே நிரம்பிய தம்ளரில் வெளியிலிருந்து இன்னொரு கட்டியைப் போட்டால் வழியும். நிலத்தில் இருக்கும் பனிவிரிப்பு அந்த இன்னொரு கட்டி.

அந்தக் கட்டியின் அளவு என்ன? அண்டார்டிகாவின் பனிவிரிப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் நான்கு மடங்கு. சராசரித் தடிமன் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். இப்படி ஒரு எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவது சுலபம். ஆனால் அது அநேகமாக நமக்கு வேண்டாத எண். கிழக்கு அண்டார்டிகாவில் இருக்கும் பெரும் பகுதி, பாறை மீது கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அது அவ்வளவு சீக்கிரம் அசையாது. பயப்பட வேண்டியது மேற்கைப் பார்த்து.

மேற்கு அண்டார்டிகாவின் விசேஷம், அதன் பனிவிரிப்பு உட்கார்ந்திருக்கும் தரை கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது. சில இடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. ஐஸை எடுத்துவிட்டால் அங்கே கண்டம் தெரியாது, கடலும் தீவுகளும்தான் தெரியும். அதாவது மிதக்க வேண்டிய இடத்தில், தன் கனத்தால் மட்டுமே தரையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐஸ் அது.

இந்தப் பகுதியில் அமுண்ட்சென் கடலை நோக்கி இறங்கும் பனியாறுகளில் இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: பைன் ஐலண்ட், த்வைட்ஸ். த்வைட்ஸ் ஒன்றே ஏறக்குறைய 1,92,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஒன்றரை மடங்கு. கடலைத் தொடும் முகப்பின் அகலம் சுமார் 120 கிலோமீட்டர். அது முழுவதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் 65 சென்டிமீட்டர் உயரும். பக்கத்துப் பனியாறுகளுக்கும் அதுவே அணை என்பதால் கதை அத்துடன் முடியாது.

அங்கே காற்றின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி பூஜ்யத்துக்கும் வெகு கீழே. பிறகு எப்படி உருகுகிறது? அடிப்பக்கமாக. ஒரு ஐஸ் கட்டியைத் தட்டில் வைத்தால் கரைய வெகு நேரம் பிடிக்கும். அதே கட்டியைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் காணாமல் போகும். அறைக் காற்றும் தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருந்தாலும், வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பதில் காற்றைவிடத் தண்ணீர் படு கெட்டிக்காரத்தனமானது.

தென்கடலில் வெதுவெதுப்பான நீர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. மேல்நீர் குளிர்ந்தது, ஆனால் உப்புக் குறைந்தது, எனவே லேசானது. சில நூறு மீட்டர் ஆழத்தில் கண்டத்தைச் சுற்றி ஓடும் நீர் உப்புக் கூடியது, ஆகவே கனமானது. அதன் வெப்பம் சுமார் 1 டிகிரி செல்சியஸ். குளிக்க முடியாத குளிர்தான். ஆனால் ஆழத்தின் அழுத்தத்தில் ஐஸ் உருகும் நிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கடலில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் மைனஸ் 2.5 டிகிரியை ஒட்டியே ஐஸ் கரைய ஆரம்பிக்கும். அங்குள்ள ஐஸுக்கு இந்த 1 டிகிரி நீர், மூன்று டிகிரிக்கும் மேல் சூடான வெந்நீர்.

இந்த நீரை ஐஸிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று. தென்துருவத்தைச் சுற்றிச் சுழலும் மேலைக் காற்றுகளின் வேகமும் பாதையும் மாறும்போது, ஆழ்நீர் கண்டத்திட்டின் மேல் ஏறி, பழைய பனியாறுகள் கடலடியில் தோண்டிவைத்த பள்ளங்கள் வழியாக உள்ளே வருகிறது. பைன் ஐலண்ட் பனியாறு தன் அடியில் இருந்த கடலடி மேட்டிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது 1940களில் என்று கடலடிப் படிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பசிபிக்கில் எல் நினோ பலமாக இருந்த காலம் அது. பிறகு எல் நினோ போய்விட்டது. பனியாறு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை? ஐஸ் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் எல்லையைத் தரைக்கோடு என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக, கரையிலிருந்து உள்ளே போகப்போக நிலம் மேடாகும். மேற்கு அண்டார்டிகாவிலோ உள்ளே போகப்போகப் பள்ளம். தரைக்கோடு ஓர் அடி பின்வாங்கினால் அது இன்னும் ஆழமான இடத்தில் நிற்கிறது. அங்கே ஐஸ் இன்னும் தடிமன். தடித்த ஐஸ் இன்னும் வேகமாகக் கடலுக்குள் வழியும். வழிய வழிய மெலியும், மெலிந்தால் மிதக்கும், கோடு மறுபடி பின்வாங்கும். தள்ளிவிட்டவர் போன பிறகும் சரிவில் உருளும் தேர்ச்சக்கரம் மாதிரி. இந்தக் கணக்கை ஜோஹன்னஸ் வீர்ட்மன் 1974இலேயே எழுதிவைத்தார்.

1978இல் ஜான் மெர்சர் என்ற விஞ்ஞானி, 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கரியமில வாயு இதே வேகத்தில் அதிகரித்தால் மேற்கு அண்டார்டிகாவின் பனிவிரிப்புக்கு ஆபத்து என்றார். அதற்கு முன்னறிவிப்பாக, அண்டார்டிக தீபகற்பத்தின் பனித்தட்டுகள் வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொன்றாக உடையும் என்றும் சொன்னார். பலர் இதை மிகையென்று நினைத்தார்கள். மெர்சர் 1987இல் காலமானார். லார்சன் 'ஏ' 1995 ஜனவரியில் சிதறியது. அதற்குத் தெற்கே இருந்த லார்சன் 'பி', 2002இன் தொடக்கத்தில் ஐந்து வாரங்களில் 3,250 சதுர கிலோமீட்டரை இழந்தது. இவை இரண்டும் நொறுங்கியதில் கோடைக் காற்றின் வெப்பத்துக்கும் பெரும் பங்கு உண்டு. தீபகற்பம் கண்டத்தின் மற்றப் பகுதிகளைப் போலக் கடுங்குளிர்ப் பகுதி அல்ல.

மிதக்கும் தட்டு உடைந்தால் கடல்மட்டம் உயராது என்று மேலே பார்த்தோமே, பிறகு என்ன கவலை? லார்சன் 'பி' பதில் சொன்னது. தட்டு போன பிறகு, அதற்குப் பின்னால் இருந்த பனியாறுகள் முன்னைவிடப் பல மடங்கு வேகமாகக் கடலில் இறங்கின. ஒன்றிரண்டு எட்டு மடங்கு வரை. பனித்தட்டு என்பது பனியாற்றுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் சுவர். சுவரின் எடையை யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது தாங்கிக்கொண்டிருப்பதைச் சேர்க்க வேண்டும்.

மிதப்பதற்கும் தரையில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தியா வேறு விதத்தில் கற்றுக்கொண்டது. நம்முடைய முதல் ஆய்வு நிலையமான தட்சிண கங்கோத்ரி, 1983-84இல் ஒரு பனித்தட்டின் மேல் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் விழுந்த பனி அதை மூடிக்கொண்டே வந்தது. 1990இல் நிலையம் என்ற அந்தஸ்தை அது இழந்தது. அடுத்துக் கட்டிய மைத்ரியும் 2012இல் திறந்த பாரதியும் பாறைமீது நிற்கின்றன.

தட்சிண கங்கோத்ரி புதைந்தது இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. அண்டார்டிகாவில் பனி விழுந்துகொண்டும் இருக்கிறது. பனிவிரிப்புக்கு வரவும் உண்டு, செலவும் உண்டு. சில ஆண்டுகளில் கிழக்கே அதிகமாக விழும் பனி, மேற்கின் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே ஒரு வருஷத்துப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு 'ஐஸ் வளர்கிறது பார்' என்றோ 'எல்லாம் முடிந்தது' என்றோ கூவுவது சரியல்ல. நீண்ட காலப் பேரேட்டைப் பார்க்க வேண்டும். செயற்கைக் கோள்கள் 1992 முதல் அதை எழுதி வருகின்றன. 2020 வரை அண்டார்டிகாவும் கிரீன்லாந்தும் சேர்ந்து இழந்தது சுமார் 7,56,000 கோடி டன். கடல்மட்டத்தில் அது 21 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் அண்டார்டிகாவுடையது.

21 மில்லிமீட்டர் என்றால் விரல்நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். பார்க்க வேண்டியது வேகத்தை. உலகக் கடல்மட்டம் 1993க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் உயர்ந்தது. 2013 முதல் 2022 வரையிலான பத்தாண்டில் அது நாலரை மில்லிமீட்டருக்கும் மேல். இதில் கடல்நீர் சூடேறி விரிவதும் மலைப் பனியாறுகள் உருகுவதும் அடக்கம்.

த்வைட்ஸின் அடியில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க, அமெரிக்காவும் பிரிட்டனும் 2018இல் கூட்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கின. 2020 ஜனவரியில், வெந்நீரைப் பீய்ச்சி ஏறத்தாழ 600 மீட்டர் ஐஸில் துளை போட்டு, ஐஸ்ஃபின் என்ற ஒல்லியான ரோபோவைத் தரைக்கோட்டின் பக்கத்தில் இறக்கினார்கள். 2023இல் வெளியான முடிவுகள் யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. தட்டையாக இருந்த அடிப்பரப்பில், உருகும் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உருகிய நன்னீர் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, கீழிருக்கும் வெந்நீரை ஐஸிடம் நெருங்கவிடாமல் தடுக்கிறது. ஆனால் விரிசல்களிலும் படிக்கட்டுப் போன்ற சரிவுகளிலும் ஐஸ் மளமளவென்று கரைகிறது. மெதுவாகத்தான் உருகுகிறது, ஆனாலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கே தரைக்கோடு 14 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. கொஞ்சம் உருகினாலே இவ்வளவு நகரும் என்பது நிம்மதி தரும் செய்தியா என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

விஞ்ஞானிகளிடையே சண்டையும் இருக்கிறது. முட்டுச்சுவர் போன பிறகு கடலை நோக்கி நிற்கும் உயரமான ஐஸ் சுவர்கள் தங்கள் எடை தாங்காமல் தாமே சரிந்துகொண்டே போகும் என்ற கருத்தை 2016இல் டிகான்டோவும் போலார்டும் முன்வைத்தார்கள். அப்படியானால் இந்த நூற்றாண்டிலேயே கடல் வேகமாக உயரும். த்வைட்ஸுக்கு இந்த நூற்றாண்டில் அப்படி நேராது என்று 2024இல் வெளியான கம்ப்யூட்டர் கணக்குகள் சொல்கின்றன. இந்தச் சண்டையைக் காரணம் காட்டி 'அவர்களுக்கே தெரியவில்லை' என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்வாங்குகிறதா என்பதில் சண்டை இல்லை. எவ்வளவு வேகம் என்பதில்தான் சண்டை.

உருகும் ஐஸ் கடலையும் சும்மா விடுவதில்லை. அண்டார்டிகக் கரையோரம் உறையும் கடல், உப்பைக் கீழே தள்ளுகிறது. அந்தக் கனத்த குளிர்நீர் அடியாழத்துக்கு இறங்கி, உலகக் கடல்களின் தரையெங்கும் ஊர்ந்து, பிராணவாயுவைக் கொண்டுசெல்கிறது. பனிவிரிப்பிலிருந்து நன்னீர் பெருகிக் கலந்தால் மேல்நீர் லேசாகிறது, இறங்க மறுக்கிறது. குளிர்நீர் இறங்காத இடத்தில் வெதுவெதுப்பான ஆழ்நீர் இன்னும் சுலபமாக நுழைகிறது. அது மேலும் ஐஸைக் கரைக்கிறது. கடல் ஐஸை மாற்ற, ஐஸ் கடலை மாற்ற, இரண்டும் சேர்ந்து காற்றையும் மழையையும் மாற்றுகின்றன.

தென்துருவம் இருக்கிற தூரத்தில், நமக்கு என்ன என்பவர்களுக்கு இயற்பியல் வைத்திருக்கும் பதில் கொஞ்சம் விசித்திரமானது. அவ்வளவு பெரிய ஐஸ் குவியலுக்குத் தன் ஈர்ப்பு விசை உண்டு. அது சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. ஐஸ் குறைந்தால் பிடி தளர்ந்து, நீர் தூரத்துக் கரைகளுக்குப் போய்விடும். அண்டார்டிகாவின் பக்கத்தில் கடல்மட்டம் இறங்கக்கூட இறங்கும். ஜெரி மிட்ரோவிகா குழுவினர் 2009இல் போட்ட கணக்குப்படி, மேற்கு அண்டார்டிகா சரிந்தால் உலகச் சராசரியைவிட அதிக உயர்வு வட அமெரிக்கக் கரைகளிலும் இந்துமகா சமுத்திரத்திலும் இருக்கும். தூரமாக இருப்பது நமக்குப் பாதுகாப்பு அல்ல, பாதகம்.

இனிச் செய்யக்கூடியது என்ன? அமுண்ட்சென் கடல் இந்த நூற்றாண்டில் சூடேறுவதை, உமிழ்வுகளைக் கணிசமாகக் குறைத்தாலும் முழுக்கத் தடுக்க முடியாது என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஓரளவு இழப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அது 200 ஆண்டுகளில் வருமா, 1,000 ஆண்டுகளில் வருமா என்பது இன்னும் எழுதப்படவில்லை. சர்வதேச பருவநிலை அறிஞர் குழு 2021இல் தந்த மதிப்பீட்டில், இந்த நூற்றாண்டு இறுதிக்குள் கடல்மட்டம் அநேகமாக 28 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரும். பனிவிரிப்புகள் மோசமாக நடந்துகொண்டால் 2 மீட்டரை நெருங்குவதையும் மறுப்பதற்கில்லை. 28க்கும் 100க்கும் இடையில் இருப்பதில் பெரும்பகுதி நாம் எரிக்கப்போகும் நிலக்கரியும் எண்ணெயும்தான். மெதுவாக வரும் கடலுக்கு ஒரு ஊர் இடம் மாறலாம், சுவர் கட்டலாம், பயிரை மாற்றலாம். வேகமாக வரும் கடலுக்கு ஓடத்தான் முடியும்.

அண்டார்டிக ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தை 2024 மே மாதத்தில் இந்தியா கொச்சியில் நடத்தியது. கடலோர நகரம், பொருத்தமான தேர்வு. அதே இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பாருங்கள். 2011 அறிவிப்பின்படி, கிராமப்புறக் கடற்கரைகளில் அலையெல்லையிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. 2019 அறிவிப்பு, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளில் அதை 50 மீட்டராகச் சுருக்கியது. துறைமுகங்களும் மின்நிலையங்களும் கடலோரச் சாலைகளும் ஐம்பது அறுபது ஆண்டுக் கணக்கில் கட்டப்படுகின்றன. அவற்றின் வரைபடத்தில் கடல் இன்று நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. தரைக்கோடு அங்கே உள்ளே போகிறது. நாம் இங்கே நம் கோட்டைக் கடலை நோக்கித் தள்ளி வரைந்துகொண்டிருக்கிறோம்.